மளிகைப் பொட்டலங்களில் உள்ள கோஷர் முத்திரை எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை

அமெரிக்காவில் அண்மையில் குடியேறிய ஒருவர் கேட்ட கேள்வி இது. கடையில் வாங்கும் பிஸ்கட், தயிர், சமையல் எண்ணெய் ஆகியவற்றின் உறைகளிலும், அலுமினியத் தாளின் பெட்டியிலும்கூட, வட்டத்துக்குள் ‘யூ’ அல்லது ‘கே’ என்ற ஆங்கில எழுத்து சிறியதாக அச்சிடப்பட்டிருக்கிறது. அது கோஷர் முத்திரை என்கிறார்கள். அது யூத மதகுருவான ரபி ஒருவர் ஆசீர்வதித்த உணவு என்று பொருள்படுமா, சைவ உணவு உண்பவர் அதை நம்பி வாங்கலாமா, அதற்காக நாம் கூடுதல் விலை கொடுக்கிறோமா என்பவை அவருடைய ஐயங்கள். இவற்றுக்கு ஒரு வரியில் விடை சொல்லிவிட முடியும் என்றாலும், அந்த முத்திரையின் பின்னால் நடக்கும் வேலையைத் தெரிந்துகொண்டால்தான் அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது விளங்கும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஆசீர்வாதம் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். உணவை ரபி ஒருவர் மந்திரித்துப் புனிதப்படுத்துவது என்ற சடங்கே கோஷர் முறையில் கிடையாது. யூதச் சமய விதிகளின்படி உண்ணத் தக்கதே கோஷர் உணவு. ஒரு பொருளில் சேரும் ஒவ்வொரு மூலப்பொருளும் எங்கிருந்து வருகிறது, அது எந்தக் கலனில் காய்ச்சப்பட்டது, அதே கலனில் அதற்கு முன் என்ன காய்ச்சப்பட்டது என்பவற்றையெல்லாம் ஒரு சான்றளிப்பு நிறுவனம் ஆராய்ந்து, தன் பெயரைப் பணயம் வைத்து உறுதி கூறுகிறது; அந்த உறுதிமொழிதான் முத்திரை. தொழிற்சாலைக்குச் சென்று இதைப் பார்வையிடுபவரை மஷ்கியாக் என்பார்கள். அவருடைய வேலையில் வேதியியலும் கணக்குத் தணிக்கையும் பெரும்பங்கு வகிக்கின்றன.

விதிகளின் வேர் யூதர்களின் புனித நூலான தோராவில் இருக்கிறது. விரிகுளம்பும் அசைபோடும் தன்மையும் ஒருங்கே உள்ள விலங்குகளை உண்ணலாம்; ஆகவே மாடும் ஆடும் ஏற்புடையவை, அசைபோடாத பன்றி விலக்கப்பட்டது. நீர்வாழ்வனவற்றில் துடுப்பும் செதிலும் உள்ளவை மட்டுமே ஏற்புடையவை என்பதால் இறாலுக்கும் நண்டுக்கும் இடமில்லை. உண்ணத்தக்க விலங்கையும் உரிய முறையில் அறுத்து, குருதியை உப்பிட்டு நீக்க வேண்டும். இவற்றோடு, ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்கலாகாது என்ற கட்டளை தோராவில் மூன்று இடங்களில் வருகிறது. அதிலிருந்துதான் இறைச்சியையும் பாலையும் சேர்த்துச் சமைப்பதும், சேர்த்து உண்பதும், இரண்டுக்கும் ஒரே பாத்திரத்தைப் புழங்குவதும் கூடாது என்ற விரிவான ஒழுங்கு வளர்ந்தது. இறைச்சியும் பாலும் அல்லாத தானியம், காய்கனி, முட்டை, மீன் ஆகியவை ‘பாரெவ்’ எனப்படும் பொதுவகை. முட்டையும் மீனும் அந்த வகைக்குள் வருவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வீட்டில் சமைக்கும்போது இந்த விதிகளைக் கடைப்பிடிப்பது பழக்கத்தால் எளிதாகிவிடும். தொழிற்சாலையில் தயாரான உணவில்தான் சிக்கல் தொடங்குகிறது, ஏனென்றால் உறையில் அச்சிடப்பட்ட மூலப்பொருள் பட்டியல் முழுக் கதையையும் சொல்வதில்லை. கிளிசரின் என்று ஒரு சொல்தான் இருக்கும். அது தாவர எண்ணெயிலிருந்து வந்ததா, மாட்டுக் கொழுப்பிலிருந்து வந்ததா என்று இருக்காது. ‘இயற்கை மணமூட்டி’ என்ற இரண்டு சொற்களுக்குள் பல பொருள்கள் அடங்கியிருக்கலாம். எண்ணெயையும் நீரையும் ஒன்றுகலக்கச் செய்யும் குழம்பாக்கிகள், நொதிகள், வைட்டமினைத் தாங்கிவரும் துணைப்பொருள்கள் ஆகியவற்றின் நிலையும் அதுதான்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு கோகோ கோலாவின் கதை. அந்த நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் அட்லாண்டா நகரில் டோபியாஸ் கெஃபன் என்ற ரபி இருந்தார். இந்தப் பானத்தைக் குடிக்கலாமா என்று பல ஊர்களிலிருந்தும் அவருக்குக் கேள்விகள் வந்தன. அவர் நிறுவனத்தை அணுகி, இரகசியம் காப்பதாக வாக்களித்து, மூலப்பொருள்களின் பட்டியலைப் பெற்றார். அதில் மிகச் சிறிய அளவில் மாட்டுக் கொழுப்பிலிருந்து எடுத்த கிளிசரின் இருந்தது; பஸ்கா என்ற யூதப் பண்டிகைக் காலத்துக்கு ஒவ்வாதபடி, தானியத்திலிருந்து வடித்த ஆல்கஹாலின் சுவடும் இருந்தது. நிறுவனம் இரண்டுக்கும் தாவர எண்ணெய், சர்க்கரை ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் மாற்றுகளைப் பயன்படுத்த இசைந்தது. 1935இல் கெஃபன் எழுதிய தீர்ப்பில், வாக்குக் கொடுத்தபடியே, அந்தப் பொருள்களை உண்மைப் பெயரால் குறிப்பிடாமல் மாற்றுப் பெயர்களால் குறிப்பிட்டார். வணிக இரகசியம் வெளியாகாமல் மூன்றாம் தரப்பு ஒன்று உள்ளே சென்று பார்த்து நுகர்வோருக்கு உறுதி சொல்லும் ஏற்பாடு இன்றும் இதே அடிப்படையில்தான் நடக்கிறது. நுகர்வோர் உரிமை என்ற நோக்கில் பார்த்தால் இதை ஓர் அரிய சாதனை என்றே கருதுகிறேன்.

மூலப்பொருளைப் போலவே பாத்திரமும் முக்கியம். முட்டைக்கும் மீனுக்கும் தனிச்சட்டி வைத்து, சைவச் சமையல் பாத்திரங்களோடு கலக்காமல் புழங்கும் வீடுகளை அறிந்தவர்களுக்கு இதன் அடிப்படை உடனே புரியும். சூடான உணவின் சுவையைப் பாத்திரம் உறிஞ்சிக்கொள்கிறது, பிறகு அடுத்த உணவுக்கு அதைக் கொடுக்கிறது என்பது கோஷர் விதியின் கணிப்பு. ஆகவே விலக்கப்பட்ட பொருளைக் காய்ச்சிய இயந்திரத்தைக் கழுவினால் மட்டும் போதாது. பொதுவாக 24 மணி நேரம் பயன்படுத்தாமல் வைத்திருந்து, பின்னர் கொதிநீரால் அதைத் தூய்மைப்படுத்துவார்கள். நேரடி நெருப்பில் சுடப்படும் அடுப்புகளை நெருப்பாலேயே பழுக்கக் காய்ச்ச வேண்டும். தொழிற்சாலைகளில் இது வியப்பூட்டும் அளவுக்கு நுணுக்கமாகப் போகிறது. ஒரு வரிசையில் பன்றிக் கொழுப்பைச் சூடாக்கிய நீராவி குளிர்ந்து நீராகிக் கொதிகலனுக்குத் திரும்பி, மறுபடி நீராவியாகி, அடுத்த வரிசையில் தாவர எண்ணெயைச் சூடாக்குகிறதா என்றுகூட மஷ்கியாக் குழாய்களைத் தொடர்ந்து சென்று பார்ப்பார். எண்ணெயை ஏற்றிவரும் டாங்கர் லாரி முந்தைய பயணத்தில் எதை ஏற்றியது என்பதற்கும் ஆவணம் கேட்பார்.

ஓரியோ பிஸ்கட்டின் கிரீமில் நெடுங்காலம் பன்றிக் கொழுப்பு இருந்தது. 1990களில் அதைத் தாவரக் கொழுப்பாக மாற்றினார்கள். ஆனால் மூலப்பொருளை மாற்றியதோடு வேலை முடியவில்லை. சுமார் 300 அடி நீளமுள்ள சுடும் அடுப்புகளை ஒவ்வொன்றாகத் தீச்சுடரால் காய்ச்சித் தகுதிப்படுத்த வேண்டியிருந்தது. பல ஆண்டு உழைப்புக்குப் பின் 1997 இறுதியில்தான் அதற்குக் கோஷர் முத்திரை கிடைத்தது. இன்று அமெரிக்காவில் விற்கும் ஓரியோவின் மூலப்பொருள் பட்டியலில் பால் இல்லை. ஆனாலும் முத்திரையின் பக்கத்தில் பாலைக் குறிக்கும் ‘டி’ என்ற எழுத்து இருக்கிறது. பட்டியலில் இல்லாத ஒன்றை முத்திரை சொல்வது எப்படி என்று குழம்புகிறவர்கள் பலர். முத்திரை உணவின் உட்பொருளோடு அது கடந்துவந்த கலன்களையும் கணக்கில் எடுப்பதால்தான் இப்படி.

எனவே, முத்திரையை விட அதன் பக்கத்தில் உள்ள எழுத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். ‘டி’ என்றால் பால் சேர்ந்தது. ‘டி.ஈ.’ என்றால் பால் சேராதது, ஆனால் பால்பொருள் காய்ச்சிய இயந்திரத்தில் தயாரானது. இறைச்சி உண்டபின் பல மணி நேரம் பாலைத் தவிர்க்கும் யூதர் இதை இறைச்சியோடு சேர்த்து உண்ணமாட்டார், ஆனால் இறைச்சிக்குப் பிறகு காத்திராமல் உண்பார். இந்த இரண்டாவது குறியீட்டை எல்லா நிறுவனங்களும் பயன்படுத்துவதில்லை. வட்டத்துக்குள் ‘யூ’ முத்திரையை உடைய மிகப் பெரிய நிறுவனமான ஆர்த்தடாக்ஸ் யூனியன் நெடுங்காலமாக இரண்டையும் ‘டி’ என்றே குறித்துவந்திருக்கிறது. ‘மீட்’ என்றோ ‘எம்’ என்றோ இருந்தால் இறைச்சி; ‘ஃபிஷ்’ என்றால் மீன். எந்த எழுத்தும் இல்லாவிட்டாலோ, பாரெவ் என்று முழுச்சொல்லாக இருந்தாலோ, அது பொதுவகை. ஒற்றை ‘பி’ எழுத்தைப் பாரெவ் என்று பலர் தவறாகப் படிக்கிறார்கள்; அது பஸ்காவுக்கு உரியது என்பதைக் குறிக்கும்.

பஸ்கா ஒரு தனி உலகம். அந்த எட்டு நாளும் (இஸ்ரேலில் ஏழு நாள்) கோதுமை, வாற்கோதுமை, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் ஆகிய ஐந்து தானியங்களிலிருந்து புளிப்பேறிய எதுவும் வீட்டிலேயே இருக்கக்கூடாது. புளிப்பில்லாத அப்பத்துக்கான மாவும் நீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் சுட்டு முடிக்கப்பட வேண்டும். ஐரோப்பிய வழிவந்த அஷ்கனாசி யூதர்கள் அரிசி, பருப்பு, சோளம் ஆகியவற்றையும் அந்நாள்களில் தவிர்ப்பது மரபு. ஸ்பெயின் வழிவந்த செஃபார்தி யூதர்களில் பலர் அவற்றை உண்பார்கள். அதனால்தான் அமெரிக்கக் கடைகளில் இளவேனிற் காலத்தில் மஞ்சள் மூடியிட்ட கோகோ கோலா வருகிறது: சோளப்பாகுக்குப் பதிலாகச் சர்க்கரை சேர்த்தது அது. நம் சமையலறையிலிருந்தும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். ஆண்டு முழுவதற்குமான கோஷர் முத்திரை அதற்குக் கிடைக்கலாம். பஸ்காவுக்கு அது ஆகாது. அந்நாள்களில் யூத நண்பரை விருந்துக்கு அழைத்துச் சாம்பார் வைக்க நினைப்பவர்கள் பெருங்காயத்தையும் பருப்பையும் பற்றி அவரிடம் முன்னரே கேட்டுவிடுவது நல்லது.

முத்திரைகள் எப்படித் தோன்றின என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1898இல் தொடங்கிய ஆர்த்தடாக்ஸ் யூனியன், 1920களின் முற்பகுதியில் ஹைன்ஸ் நிறுவனத்தின் சைவ அவரை டப்பாவுக்குச் சான்றளித்தது. வட்டத்துக்குள் ‘யூ’ எழுத்து அங்கிருந்து பிறந்தது. யூதர் அல்லாத வாடிக்கையாளரின் கண்ணை உறுத்தாமல், தெரிந்தவருக்கு மட்டும் புலப்படும் சிறிய குறியாக அது இருந்ததே அதன் பரவலுக்குக் காரணம். 1935இல் ஆபிரகாம் கோல்ட்ஸ்டைன் என்ற வேதியியலாளர் வட்டத்துக்குள் ‘கே’ எழுத்தைக் கொண்ட நிறுவனத்தைத் தொடங்கினார். பால்டிமோர் நகரின் ஸ்டார் கே, நியூஜெர்சியின் கோஃப் கே, சிகாகோ ரபிகள் மன்றத்தின் முக்கோணக் குறி ஆகியவையும் பரவலாகக் காணப்படுபவை. இவை பதிவுசெய்யப்பட்ட வணிகச் சின்னங்கள்; ஆகவே இசைவின்றி அச்சிடுபவர் மீது அந்த நிறுவனமே வழக்குத் தொடுக்கலாம்.

எந்த வடிவமும் சூழாத வெறும் ‘கே’ எழுத்து இவற்றிலிருந்து வேறுபட்டது. தனி எழுத்தொன்றை வணிகச் சின்னமாக யாரும் உரிமை கொண்டாட முடியாது என்பதால், அதை யார் அச்சிட்டார்கள், யார் மேற்பார்வையிட்டார்கள் என்பது உறையைப் பார்த்து அறியக்கூடியதன்று. அதன் பின்னால் கண்டிப்பான ரபி ஒருவரும் இருக்கலாம். பன்றித் தோலிலிருந்து எடுத்த ஜெலட்டின் முற்றிலும் வேறொரு பொருளாகிவிட்டது என்று கருதி அதை ஏற்றுக்கொள்பவரும் இருக்கலாம். இந்தப் பிந்தைய கருத்தைப் பெரிய சான்றளிப்பு நிறுவனங்கள் ஏற்பதில்லை. நான் வெறும் ‘கே’ எழுத்தை மட்டும் நம்பி எதையும் பரிந்துரைப்பதில்லை.

இதில் அரசின் பங்கு பலர் எண்ணுவதை விடக் குறைவு. கோஷர் என்று பொய் சொல்லி விற்பதைக் குற்றமாக்கும் சட்டத்தை நியூயார்க் மாநிலம் 1915இலேயே இயற்றியது. ஆனால் எது கோஷர் என்பதை அரசே ஒரு சமயப் பிரிவின் கருத்தின்படி வரையறுப்பது அரசியல் சாசனத்துக்கு முரண் என்று 2002இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் 2004இல் வந்த புதிய சட்டம், யார் சான்றளித்தார் என்பதை விற்பவர் வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்ற அளவில் நின்றுவிடுகிறது. சமயத்தின் உள்விவகாரத்தில் அரசு தலையிடாமல் நுகர்வோருக்கு வேண்டிய தகவலை மட்டும் உறுதிசெய்யும் இந்த வழி எனக்குச் சரியாகவே படுகிறது.

கோஷர் முத்திரைக்காக எல்லோரும் மறைமுகமாக ஒரு வரி கட்டுகிறோம் என்ற பேச்சு அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக உலவுகிறது. அதை யூத வெறுப்பைப் பரப்பும் குழுக்களே பெரிதும் பரப்பின என்பதைத் தயக்கமின்றிச் சொல்ல வேண்டும். சான்றுக்குக் கட்டணம் உண்டு. அதைத் தயாரிப்பாளர் தன் விருப்பத்தின் பேரில், விற்பனை பெருகும் என்று கணக்கிட்டுக் கட்டுகிறார். பல இலட்சம் பொட்டலங்களுக்குப் பகிரும்போது அது ஒன்றுமில்லாத தொகையாகிவிடும். 1975இல் ஒரு பெரிய உறைபனி உணவு நிறுவனத்துக்கு ஒரு பொட்டலத்துக்கு ஆன செலவு ஒரு சென்டின் பத்து இலட்சத்தில் ஆறரைப் பங்கு என்று செய்தித்தாளில் வெளியானது. கோஷர் முறைப்படி அறுத்த இறைச்சியும் தனி மேற்பார்வையில் செய்த சீஸும் விலை கூடியவைதாம். ஆனால் அவற்றை வாங்குபவர் தெரிந்தே வாங்குகிறார். 2013இல் இலங்கையில் ஹலால் முத்திரைக்கு எதிராகக் கிளப்பப்பட்ட பரப்புரையைக் கண்ணால் பார்த்த தமிழர்களுக்கு இத்தகைய வாதம் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பது தெரியும்.

தண்ணீருக்கும் அலுமினியத் தாளுக்கும் முத்திரை எதற்கு என்ற வினாவும் இயல்பானது. சாதாரணத் தண்ணீர், சுத்தமான உப்பு, சர்க்கரை, மணமூட்டாத தேயிலை, காப்பித்தூள், ஓட்டோடு கூடிய முட்டை ஆகியவற்றைப் பெரும்பாலான யூதர்கள் முத்திரையின்றியே வாங்குவார்கள். அலுமினியத் தாளை உருட்டித் தயாரிக்கும்போது பயன்படும் எண்ணெய் எதிலிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடையாக அதில் முத்திரை இருக்கிறது. தண்ணீர்ப் புட்டியில் இருப்பது பெரிதும் விற்பனை நோக்கத்தால்தான். ‘கோஷர் உப்பு’ என்று விற்கும் பரல் உப்பு அந்தப் பெயரைப் பெற்றது, இறைச்சியிலிருந்து குருதியை நீக்க அது ஏற்றது என்பதால். ‘கோஷர் ஊறுகாய்’ என்று அழைக்கப்படும் வெள்ளரிக்காய் ஊறுகாயிலோ அந்தப் பெயர் பூண்டும் சதகுப்பியும் சேர்ந்த நியூயார்க் யூதக் கடைகளின் பாணியைக் குறிக்கிறது; முத்திரை இல்லாமலும் அது விற்கும்.

இனி, சைவ உணவு உண்பவர் நம்பலாமா என்ற கேள்வி. இந்த முத்திரை அவருக்குப் பெருமளவில் உதவும், முழுமையாக உதவாது. நம்பகமான நிறுவனத்தின் முத்திரையோடு ‘டி’ எழுத்து இருந்தால், பன்றி விலக்கப்பட்டது, பாலும் இறைச்சியும் சேரக்கூடாது என்ற விதிகளின் காரணமாகவே, அதில் பன்றிக் கொழுப்போ மாட்டுக் கொழுப்போ இராது. கிளிசரின், குழம்பாக்கி போன்றவற்றின் மூலத்தைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. அமெரிக்காவில் கோஷர் சீஸுக்குப் பெரும்பாலும் நுண்ணுயிரிகளிலிருந்து பெறும் ரென்னெட்டையே (பாலைத் திரையவைக்கும் நொதி) பயன்படுத்துகிறார்கள் என்பதும் சைவர்களுக்கு ஆறுதலானது. கோச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் என்ற சிவப்புச் சாயத்தையும் பெரிய நிறுவனங்கள் ஏற்பதில்லை.

ஆனால் இறைச்சிக்கு உரிய எழுத்து இல்லை என்பதால் மட்டும் ஒரு பொருள் சைவமாகிவிடாது. பாரெவ் பிஸ்கட்டிலும் நூடுல்ஸிலும் முட்டை இருக்கலாம். கோஷர் மார்ஷ்மெல்லோ பெரும்பாலும் மீன் ஜெலட்டினால் செய்யப்படுகிறது. அதைவிட வியப்பானது, உரிய முறைப்படி அறுத்த மாட்டின் தோலிலிருந்து எடுத்த ஜெலட்டினும் பாரெவ் என்றே கணக்கிடப்படுகிறது. ஆகவே அது தயிரிலும்கூடச் சேரலாம். வூஸ்டர் சாஸில் நெத்திலி போன்ற ஆங்கோவி மீன் சேர்கிறது. அது அறுபதில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் உறையில் மீன் என்ற குறியே வராமலும் போகலாம். அரக்குப் பூச்சியிலிருந்து வரும் மிட்டாய்ப் பளபளப்பையும் பல நிறுவனங்கள் ஏற்கின்றன. இந்தியப் பொட்டலங்களில் உள்ள பச்சைப் புள்ளி முட்டையையும் விலக்கிச் சைவம் என்ற ஒன்றை மட்டும் உறுதி சொல்வது. கோஷர் முத்திரை அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. எனவே முத்திரையைப் பார்த்த கையோடு மூலப்பொருள் பட்டியலில் முட்டை, ஜெலட்டின், ஆங்கோவி ஆகிய மூன்றையும் தேடிப் பார்த்துவிடுங்கள். மிகப் பெரும்பாலான பொருள்களில் அதுவே போதும்.

முஸ்லிம் நண்பர்களும் இதையே கேட்பதுண்டு. நம்பகமான நிறுவனத்தின் முத்திரை உள்ள கோஷர் உணவில் பன்றி இல்லை என்பது உறுதி. ஆனால் ஒயினும் ஆல்கஹாலில் கரைத்த மணமூட்டிகளும் அதில் தடையில்லை, அறுக்கும் முறையிலும் வேறுபாடுகள் உண்டு. சிலர் ஏற்பார்கள், சிலர் ஏற்கமாட்டார்கள். அதை அவர்கள் தம் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வதே முறை.

பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு மட்டும் அழுத்தமாக ஒன்று சொல்ல வேண்டும். பாரெவ் என்ற சொல்லைப் பார்த்துப் பால் அறவே இல்லை என்று முடிவுசெய்யாதீர்கள். தற்செயலாகக் கலந்த சிறு அளவைச் சமய விதி பொருட்படுத்தாமல் விடும் சூழல்கள் உண்டு. அந்தச் சிறு அளவே ஒவ்வாமை உள்ள உடலுக்கு ஆபத்தாகலாம். இதற்கு நம்ப வேண்டியது 2004ஆம் ஆண்டின் அமெரிக்க ஒவ்வாமைச் சட்டப்படி மூலப்பொருள் பட்டியலில் அச்சிட வேண்டிய பால் என்ற குறிப்பையும், தயாரிப்பாளரிடம் நேரில் கேட்டுப் பெறும் பதிலையும்தான். பட்டியலில் பால் இல்லாமல் முத்திரையில் ‘டி’ மட்டும் இருந்தால், பால்பொருளை விரும்பித் தவிர்க்கும் வீகன் ஒருவர் அதை வாங்கலாம். ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அதைக் கொடுக்க வேண்டாம்.